11 வருஷ உழைப்பு, பத்து நொடியில் காலி: ரசிகர்கள் தூக்கிவிட்ட கோஃபி கிங்ஸ்டனைக் கைவிட்டது யார்?

2019 அக்டோபர் 4. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘ஸ்மாக்டவுன்’ முதன்முறையாக ஒளிபரப்பான இரவு. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேபிள்ஸ் சென்டரில், டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் கோஃபி கிங்ஸ்டனும் பிராக் லெஸ்னரும் மோதினார்கள். மணி அடித்தது. கோஃபி பாய்ந்தார். லெஸ்னர் அவரை அப்படியே தோளில் தூக்கி, ஒரு சுழற்று சுழற்றித் தரையில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சேர்த்துச் சுமார் பத்து நொடிதான்.

அடுத்த நிமிஷமே லெஸ்னரின் பழைய யுஎஃப்சி எதிரி கெய்ன் வெலாஸ்கெஸ் உள்ளே வர, கதை அந்தப் பக்கம் போய்விட்டது. 180 நாள் சாம்பியனாக இருந்தவருக்கு என்ன ஆச்சு என்று நிகழ்ச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எல்லாம் ஸ்கிரிப்ட்தானே, இதுல என்ன அநியாயம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. ஆனால், விழும் உடம்பும் அடிபடும் முதுகும் அதில் கரையும் வருஷங்களும் நிஜம். இன்னொன்றும் நிஜம்: அரங்கில் எழும் சத்தம். யாருக்குக் கைதட்ட வேண்டும் என்று ரசிகர்களுக்கு யாரும் வசனம் எழுதித் தருவதில்லை. ஸ்கிரிப்ட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவில்தான் ‘மிட்கார்டு’ வீரர்களின் தலையெழுத்து இருக்கிறது.

மிட்கார்டு என்றால்?

ஒரு நிகழ்ச்சியின் போட்டிப் பட்டியலுக்கு ‘கார்டு’ என்று பெயர். கடைசிப் போட்டி ‘மெயின் ஈவென்ட்’. போஸ்டரில் பெரிய முகம், பெரிய பெல்ட் எல்லாம் அங்கேதான். அதற்குக் கீழே, இன்டர்கான்டினென்டல், யுனைடெட் ஸ்டேட்ஸ், டேக் டீம் பட்டங்களைச் சுற்றி இருப்பவர்கள் மிட்கார்டு. பெரிய ஸ்டாரை வலிமையானவராகக் காட்ட, நன்றாக விழத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த வேலையும் பெரும்பாலும் இவர்களுடையதுதான். சின்ன வயசில் டிரம்ப் கார்டு விளையாடியவர்களுக்குத் தெரியும்: கையில் ரேங்க் குறைந்த கார்டுதான் அதிகம் இருக்கும், ஆனால் அது இல்லாமல் ஆட்டமே நடக்காது.

இவர்களில் ஒருவரை மேலே கொண்டுவர நிறுவனம் எடுக்கும் முயற்சிதான் ‘புஷ்’. தொடர் வெற்றி, மைக்கில் பேச நேரம், ஒரு பெரிய ஸ்டாரோடு பகை, கடைசியில் ஒரு பெல்ட். சமையல் குறிப்பு இவ்வளவுதான்.

கானாவில் பிறந்த கோஃபி, டபிள்யூடபிள்யூஇ டிவிக்கு வந்தது 2008-ல். 2009 கடைசியில் ராண்டி ஓர்ட்டனோடு பெரிய பகை, இதோ மேலே போகப்போகிறார் என்ற பேச்சு. அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே அது அடங்கிப்போனது. அப்புறம் சின்ன பெல்ட்டுகள், ‘நியூ டே’ என்ற மூவர் அணி, பேன்கேக் வீசுகிற காமெடி. மக்களுக்குப் பிடித்தவர்தான். சாம்பியன் ஆவார் என்று யாரும் நினைக்கவில்லை.

2019 பிப்ரவரியில் முஸ்தஃபா அலி காயமடைய, அவர் இடத்துக்குக் கோஃபி வந்தார். ஒருவர் பின் ஒருவராக வரும் ‘கான்ட்லெட்’ போட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் களத்தில் நின்றார். டேனியல் பிரையன், ஜெஃப் ஹார்டி, சமோவா ஜோ என மூன்று பேரை வீழ்த்திய பிறகே ஏ.ஜே.ஸ்டைல்ஸிடம் தோற்றார். அரங்கம் பொங்கியது. அதற்குப் பிறகு நிறுவனம் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். ரசிகர்களின் நிஜக் கோபத்தையே கதையாக்கியது. முதலாளி வின்ஸ் மெக்மஹோன் திரையில் வில்லனாக வந்து, கோஃபிக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பை மறுபடி மறுபடி தட்டிப் பறித்தார். ஏப்ரல் 7-ல் ரெஸில்மேனியா 35-ல் கோஃபி ஜெயித்தபோது, ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

அன்று அவரிடம் தோற்றவர் டேனியல் பிரையன். இந்தப் பாதையை முதலில் போட்டவரே அவர்தான்! 2012 ரெஸில்மேனியாவில் ஷேமஸிடம் 18 நொடியில் தோற்றார் பிரையன். அந்த அவமானமே அவரை வளர்த்தது. மறுநாள் ‘ரா’ நிகழ்ச்சி முழுக்க “யெஸ்! யெஸ்!” கோஷம். 2014 ராயல் ரம்பிளில் அவரைச் சேர்க்கவே இல்லை. 30-வது ஆளாக ரே மிஸ்டீரியோ வந்ததும், அந்த அப்பாவி மனிதருக்கே எதிர்ப்புக் கூச்சல் கிளம்பியது. ஜெயித்த பட்டிஸ்டாவையும் விடவில்லை. ஏப்ரலில் நடந்த ரெஸில்மேனியா 30-ல் ஒரே இரவில் டிரிபிள் எச், ஓர்ட்டன், பட்டிஸ்டா மூவரையும் தாண்டி பிரையன் சாம்பியன்.

ஆக, ரசிகர்கள் கத்தினால் கதவு திறக்கும். ஆனால், திறந்த கதவை யார் பிடித்துக்கொள்வது?

கத்தாமலே கதவு திறந்த கதையும் உண்டு. இந்திய ரசிகர்களுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருக்கும். கனடாவின் பஞ்சாபி வம்சாவளி வீரர் ஜிந்தர் மஹால், வாரம் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்தவர். 2017 ஏப்ரலில் திடீரென்று சவாலுக்குத் தகுதி, மே 21-ல் ஓர்ட்டனை வீழ்த்தி சாம்பியன். இந்தியச் சந்தைக்கான கணக்கு இது என்று பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. சரி, அந்தக் கணக்காவது ஒழுங்காக முடிந்ததா? டெல்லி நிகழ்ச்சிக்கு ஒரு மாசம் முன்னால், நவம்பர் 7-ல், ஏ.ஜே.ஸ்டைல்ஸிடம் பெல்ட் போய்விட்டது. டிசம்பர் 9-ல் டெல்லி ரசிகர்கள் முன்னால் டிரிபிள் எச்சிடமும் மஹால் தோற்றார். யாருக்காக அவரைச் சாம்பியன் ஆக்கினார்களோ, அந்த டெல்லி ரசிகர்கள் முன்னால் அவர் பெல்ட்டோடு களமிறங்கவே இல்லை.

ஸாக் ரைடர் நிலைமை இன்னும் பாவம். 2011-ல் சொந்தமாக யூடியூப் ஷோ நடத்தி ரசிகர்களைச் சேர்த்தார். நிறுவனம் வேறு வழியின்றி யுஎஸ் பெல்ட் கொடுத்தது. ஒரு மாசத்துக்குள் பிடுங்கிக்கொண்டது. 2016 ரெஸில்மேனியாவில் இன்டர்கான்டினென்டல் பெல்ட் ஜெயித்தார், மறுநாள் ராத்திரியே தோற்றார்.

புஷ் என்றால் வெற்றிகளை மட்டும் எண்ணுவது ரசிகர்களின் பழக்கம். எண்ண வேண்டியது தோல்வியை. ஒரு வீரரை நிறுவனம் உண்மையிலேயே நம்புகிறதா என்பது, பெல்ட்டைக் கொடுத்த நாளில் தெரியாது. பறிக்கும் விதத்தில் தெரியும். கோஃபி லெஸ்னரிடம் தோற்றதில் தப்பில்லை, லெஸ்னர் எல்லோரையும் அடிப்பவர். கால் மணி நேரம் போராடித் தோற்றிருந்தால், அடுத்த மாதமும் அவர் பெரிய ஆளாகவே இருந்திருப்பார். பத்து நொடியில் தோற்கடித்தபோது, அதற்கு முந்தைய ஆறு மாசமும் சும்மா என்று நிறுவனமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. 18 நொடித் தோல்விக்குப் பிரையனுக்காகக் கத்தியது போல, இந்த முறை யாரும் வாரக்கணக்கில் கத்தவும் இல்லை.

அதில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. துரத்தும்போது இருக்கும் வெறி, கையில் கிடைத்த பிறகு இருப்பதில்லை. கோஃபி சாம்பியனாக இருந்த கோடையில் சத்தம் மெல்லக் குறைந்தது. ஓர்ட்டனோடு பத்து வருஷப் பகையைத் தூசிதட்டி எடுத்த சம்மர்ஸ்லாம் போட்டி, இருவரும் களத்துக்கு வெளியே நின்றதால் முடிவே இல்லாமல் போனது. ஆரவாரத்தை மட்டும் பார்த்து பெல்ட் கொடுக்கிற நிறுவனம், ஆரவாரம் குறைந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எட்டு மாசத்துக்கு முன் அதே கோபத்தை வைத்துத்தான் கதை எழுதியது என்பது அப்போது நினைவுக்கு வராது.

பெல்ட் போன பிறகு கோஃபிக்கு மறு வாய்ப்பு என்று எதுவும் வரவில்லை. நவம்பரில் பழையபடி டேக் டீம் சாம்பியன். 2021 ஜூலையில் ஒரு முறை பாபி லாஷ்லியோடு பெரிய பட்டத்துக்கு மோதினார், அதிலும் ஒருதலைப்பட்சமான தோல்வி. 2024 டிசம்பரில் நியூ டே அணியின் பத்தாவது ஆண்டுக் கொண்டாட்டம். கழுத்து உடைந்து களத்தைவிட்டு விலகியிருந்த நண்பர் பிக் ஈ மேடைக்கு வர, கோஃபியும் ஸேவியர் வுட்ஸும் அவரைக் கடுமையாகப் பேசித் துரத்தினார்கள். அதிலிருந்து கோஃபி வில்லன். ‘கோஃபி, கோஃபி’ என்று தொண்டை கிழியக் கத்திய ரசிகர்கள், அவரைப் பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலையும் அவர் முகத்தைச் சுளித்தபடி அழகாகவே வாங்கிக்கொண்டார்.