தண்ணீர்மேல் குடித்தனம்

நகரத்தில் வாடகை வீட்டில் காலந்தள்ளுகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு கனவு உண்டு. நாலாபுறமும் ஏரி, நடுவே சின்னஞ்சிறு தீவு, அதில் ஒரு குடிசை. வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டமாட்டார். பக்கத்து வீட்டுச் சச்சரவு காதில் விழாது. இந்தக் கனவு நமக்கும் உண்டு என்பதை மறைப்பானேன்? ஆனால், தீவு வாசத்தின் சுக துக்கங்களைத் தெரிந்துகொள்ள நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. பாரத தேசத்தின் கீழ்க்கோடியில், மணிப்பூரில், லோக்தாக் என்னும் பேரேரி இருக்கிறது. அதைப் பார்த்தாலே போதும்.

லோக்தாக்கில் இருவகைத் தீவுகள் உண்டு. காராங், தங்கா முதலியவை குன்றுகள். கல்லும் மண்ணுமாக அசையாமல் நிற்பவை. மற்றவை மிதப்பவை. நாணலும் புல்லும் நீர்ப்பூண்டுகளும் மக்கி, வேரோடு வேர் பின்னி, மண்ணும் சேர்ந்து, பெரிய மெத்தையைப் போல் நீரின்மீது கிடக்கின்றன. இவற்றுக்குப் பும்டி என்று பெயர். சில இடங்களில் அதன் கனம் ஓர் ஆளுயரத்தையும் எட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். மற்ற நாலு பங்கும் உள்ளே அமிழ்ந்திருக்கும். இந்த மெத்தையின்மேல்தான் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்து வந்திருக்கின்றன.

இத்தகைய குடித்தனத்துக்கு முதல் விதி, பாரம் கூடாது என்பது. மூங்கிலும் நாணலும் கொண்டுதான் வீடு கட்டலாம். செங்கல்லைப் பற்றி நினைக்கவே கூடாது. இரண்டாவது விதி, வீட்டைக் கட்டிப் போடவேண்டும் என்பது. நாம் மாட்டைக் கட்டுவதுபோல் அவர்கள் மனையையே மூங்கில் முளைகளில் கட்டுகிறார்கள். இல்லாவிட்டால், பெருங்காற்று அடிக்கும் இரவில் வீடு ஊர்ப்பயணம் கிளம்பிவிடும்! தரை நைந்து தாழ்ந்தால், புதிய பும்டியை வெட்டி இழுத்து வந்து அடுக்கவேண்டும். உப்பு, அரிசி, வைத்தியர், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் தோணியில்தான் போகவேண்டும். அடுப்பு மூட்டுவதிலும் அதிக எச்சரிக்கை தேவை. சுற்றிலும் கடலளவு நீர் இருந்தாலும், காலடியில் இருப்பது காய்ந்த புல் அல்லவா? நடக்கப் பழகும் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் அங்கே எத்தனை கண்ணோடு இருக்கவேண்டும் என்பதை நம் வாசகிகளே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்பங்களோ வேறு எங்கும் கிடைக்காதவை. வாசற்படியிலே மீன். மீனுக்காகப் பும்டியை வட்டமாக வளைத்துக் கட்டிய வேலிக்கு அதாபும் என்று பெயர். உயரத்திலிருந்து பார்த்தால், நீலப் பட்டின்மேல் பச்சை வளையல்களைப் பரப்பி வைத்தாற்போல் இருக்கும். பனிக்காலத்தில் தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். இரவில் தவளையும் துடுப்பும் தவிர வேறு சத்தமில்லை.

இந்த மிதவைத் தீவுகளின் ஜீவநாடி எதில் இருக்கிறது தெரியுமா? வருஷத்துக்கு ஒருமுறை அவை தரை தட்டுவதில். கோடையில் நீர் வற்றும்போது பும்டி ஏரியின் அடியில் படியும். வேர்கள் சேற்றில் உணவு உண்ணும். மழைக்காலத்தில் கொழுத்து மறுபடி மேலெழும். 1983-ம் வருஷம் மின்சாரத் திட்டத்துக்காக இதாய் என்னுமிடத்தில் அணை கட்டி ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தி நிறுத்தினார்கள். மின்சாரம் கிடைத்தது. ஆனால் பும்டிக்கு அந்த வருஷாந்தர விருந்து நின்றுபோயிற்று, அது மெலிந்தது. கரையோர வயல்கள் மூழ்கின. ஏரியின் தென்கிழக்கே, கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவில், பும்டியின் மேலேயே உலவும் சங்காய் என்ற அபூர்வ மான் இனம் இருக்கிறது. 1975-ம் வருஷக் கணக்கெடுப்பில் அவை 14தான் இருந்தன. பாதுகாப்பினால் 2016-ல் 260 ஆயின. பும்டி மெலிந்தால் அந்த மானுக்கும் நிற்க இடமில்லை.

2006-ம் வருஷத்துச் சட்டம் பும்டிமேல் குடிசை போடுவதையும் அதாபும் கட்டுவதையும் தடை செய்தது. 2011 நவம்பரில் அதிகாரிகள் நூற்றுக்கணக்கான குடிசைகளைத் தீயிட்டு அழித்தார்கள். ஏரியைக் காக்கவே இது என்றார்கள். ஏரியைக் காக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குடிசைகளும் மீன் வேலிகளும் பெருகினால் நீருக்குத் தொல்லைதான். ஆனால் இம்பால் நகரத்தின் சாக்கடையை நம்புல் ஆறு சுமந்து வந்து இதே ஏரியில்தான் கொட்டி வந்திருக்கிறது. அணையும் சாக்கடையும் மேட்டுநிலத்தாரின் காரியம். தண்டனை மட்டும் தண்ணீர்மேல் இருப்பவனுக்கா? வேறு ஜீவனத்துக்கு வழி காட்டிய பிறகல்லவோ ஒருவனை வீட்டைவிட்டு எழுப்பவேண்டும்?

2017-ல் அந்த ஏரியின்மேல் மிதக்கும் பள்ளிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. படிப்பை நிறுத்திவிட்ட மீனவக் குழந்தைகளும் எழுத்தறியாத பெரியவர்களும் அங்கே பாடம் கற்கத் தொடங்கினார்கள். உபாத்தியாயத் தொழில் செய்யும் நமக்கு, லோக்தாக்கின் அதிசயங்களிலெல்லாம் பெரிய அதிசயம் அதுவே என்று தோன்றுகிறது. நிலையில்லாத தரையிலும் மனிதர் நிலையானதைத் தேடுகிறார்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

லோக்தாக் கரையிலுள்ள மொய்ராங்கில்தான் 1944 ஏப்ரல் 14-ந் தேதி இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் ஷௌகத் மாலிக் நம் கொடியை ஏற்றினார். அந்தக் கொடி கரையில் நின்றவர்களுக்கு மட்டும் ஏற்றப்பட்டதன்று. தோணியில் இருந்தவனுக்கும் சேர்த்துத்தான். ஏரியைப் பற்றித் திட்டம் தீட்டும் பெரியவர்கள், முதலில் ஏரியில் குடியிருப்பவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கட்டும். நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவனுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.