வெயிலைக் குறை சொல்ல வேண்டாம்

கழுகு என்றதும் நம் மனத்தில் தோன்றும் படம் எது? நீல வானம், விரிந்த சிறகு, ஒவ்வோர் இறகும் எண்ணிப் பார்க்கும்படியான தெளிவு. அப்படி ஒரு படம் என்னிடமும் உண்டு. நம் கழகத்தின் புகைப்படக் கண்காட்சிக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்றார் மூத்த மாணவர் ஒருவர். நான் வேறொரு படத்தைக் கொடுத்தேன். "இதில் ஒன்றுமே தெரியவில்லையே, தம்பி" என்றார். அவருக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

முதல் படம் லங்காவியில் எடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் சென்றோம். காலை வெயில் எங்கள் முதுகில் விழும்படி படகைத் திருப்பி நிறுத்திய படகோட்டி, கோழித்தோலை நீரில் வீசினார். செம்பருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டவன் நான்தான். பத்து நிமிடத்தில் நூறு படம் எடுத்துவிட்டேன்.

மீனையும் நண்டையும் தானே தேடி உண்ண வேண்டிய பறவை, படகுச் சத்தம் கேட்டதும் கோழித்தோலுக்காக வந்து வட்டமிடுகிறது. நான் எடுத்தது வேட்டையின் படமல்ல, பந்தியின் படம். படகோட்டியைக் குறை கூறிப் பயனில்லை. அது அவர் பிழைப்பு. கேட்பவர் இருக்கும்வரை போடுபவரும் இருப்பார்.

இரண்டாவது படம் தஞ்சோங் துவானில் எடுத்தது. போர்ட்டிக்சனுக்கு அருகில், மலாக்கா மாநிலத்துக்கு உரிய சிறு கடல்முனை அது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, தேன் பருந்துகள் சுமத்ராவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து இங்கே கரையேறி வடக்கே செல்கின்றன. மலேசிய இயற்கைக் கழகம் இவற்றைக் காண்பதற்கான விழாவை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியதும் இங்கேதான்.

கடந்த மார்ச்சில் கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றேன். பறவைகள் அதிகம் வந்தது உச்சி வெயிலில். வானம் வெளுத்துக் கண்ணைக் கூசியது. அந்த வெளிச்சத்தைக் கேமரா தானாகவே குறைத்துக்கொள்ள, பருந்து வெறும் கரும்புள்ளியாக விழுந்தது. ஒளியளவை ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன். வானம் வெள்ளைத் தாளானது. சிறகின் அடியில் பட்டைகள் மங்கலாகத் தெரிந்தன. இடச்சிறகில் ஓர் இறகு இல்லாததும் தெரிந்தது.

காலை இளவெயிலில் இவை வரக்கூடாதா என்று முதலில் அலுத்துக்கொண்டேன். பிறகுதான் காரணம் புரிந்தது. கடலின் மேல் இவற்றைத் தூக்கிவிடும் வெப்பக்காற்று எழுவதில்லை. அதனால் சிறகடித்தே கடந்து, களைத்து, தாழ்வாகக் கரை சேர்கின்றன. நிலம் சூடேறி வெப்பக்காற்று எழும்போது அதில் ஏறி, சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயர்கின்றன. எந்த வெயில் என் படத்தைக் கெடுத்ததோ, அதே வெயில்தான் பறவையைத் தூக்கியது. அந்த வெளிச்சத்தை நீக்கிவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

"கணினியில் நீல வானத்தை ஒட்டிவிடலாமே" என்றும் அந்த மூத்தவர் கேட்டார். ஒட்டலாம். ஆனால் அந்தப் பருந்து பறந்தது அந்த வானத்தில் அல்லவே!

கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடுகிறது என்றதும் கூட்டமே அண்ணாந்து பார்க்கிறது. அப்போதும் கண்ணில் படுவது ஒரு கரும்புள்ளிதான். இறகு தெரியவில்லை என்று யாரும் குறைபடுவதில்லை. தானாக வந்ததே என்றுதான் கைகூப்புகிறோம். கேமராவைக் கையில் எடுத்ததும் அந்தப் பொறுமை நமக்கு எங்கே போய்விடுகிறது?

கழகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு பறவைப் படத்தின் கீழும், அது எப்படி எடுக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இரை போட்டிருந்தால், போட்டோம் என்றே எழுதட்டும். என் லங்காவிப் படத்தையும் அப்போது தருகிறேன், அந்த இரண்டு வரியோடு.