வளர்த்தவளுக்கு உரிமை இல்லையா?

எங்கள் தெருவில் இட்லி விற்கும் அக்கா, கணவரை இழந்தவர். அப்பா, அம்மா இல்லாத தம்பியை அவர்தான் வளர்த்து ஆளாக்கினார். 2014-ல் கட்டட வேலையில் சாரம் சரிந்து அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். கல்யாணம்கூட ஆகவில்லை.

முதலாளி இழப்பீட்டுப் பணத்தை ஆணையரிடம் கட்டினார். ஆனால், "விதவைச் சகோதரி பதினெட்டு வயசுக்குள்ள இருந்தால்தான் சார்ந்தவர்" என்று சொல்லிவிட்டார்களாம்! அப்போது நடப்பிலிருந்த 1923-ம் வருடச் சட்டப்படி, சார்ந்தவர் யாரும் இல்லையென்றால் பணம் முதலாளிக்கே திரும்பிப் போய்விடும் என்றிருந்தது. ஈமச்சடங்கு செலவைச் செய்தவர் என்பதற்காக அக்கா கையில வந்தது வெறும் 5,000 ரூபாய்.

பெற்றவளுக்கு உண்டு, வளர்த்தவளுக்கு இல்லையா? உண்மையிலேயே யாரும் இல்லாதவர் என்றால், அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்குப் போயிருக்கலாமே! போன உயிருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கியது என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்கள், தோழிகளே!

- ஒரு வாசகி, மதுரை