கம்பெனி மூடினால் துப்பாக்கியும் சாகணுமா?

பெயிண்ட்பால் தெரியும்தானே? சாயம் நிரப்பிய உருண்டையால் எதிரணியைச் சுடும் விளையாட்டு. 1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு காட்டுக்குள் 12 பேர் ஆடியதுதான் முதல் ஆட்டம்.

பிறகு எத்தனையோ துப்பாக்கிகள் வந்துவிட்டன. 2005-ல் ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனம் 'அயான்' என்ற மின்னணு மாடலை மலிவாகக் கொண்டுவந்தது. பலரும் வாங்கினார்கள். 2010-ல் கம்பெனியே மூடப்பட்டது. காப்புரிமைகளை வேறு நிறுவனம் வாங்கிக்கொண்டது. சரி, துப்பாக்கி வாங்கினவன் வாரண்டி அட்டையோடு யார் வாசலில் போய் நிற்பது?

இன்னொரு பக்கம் 1998-ல் வந்த டிப்மேன் 98-ஐப் பாருங்கள். திருகுகளைக் கழற்றினால் உடல் இரண்டு பாதியாகப் பிரியும். வாயு கசிகிறதா? பெரும்பாலும் ஒரு ஓ-ரிங் தேய்ந்திருக்கும். பொதுவான அளவு, சில்லறைக் காசில் மாற்றிவிடலாம். (சிலிண்டரைக் கழற்றி, மிச்ச வாயுவையும் வெளியேற்றிவிட்டுத்தான் கை வைக்கணும்!) ஆனால் அயானின் சர்க்யூட் போர்டு போனால் எந்தக் கடையில் கேட்பது?

போனில் "சார், சார்" என்று குழைவது மட்டும் சேவை இல்லைங்க. கம்பெனி இல்லாத நாளிலும் பொருள் ஓட வழி செய்வதுதான் சேவை. ஒரு மாடலை நிறுத்தும்போதே அதன் கையேடு, உதிரிபாக அளவுகள், சர்க்யூட் படம் எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிட வேண்டும். தொழில் ரகசியமாம்! விற்பதையே நிறுத்திய பொருளில் என்னய்யா ரகசியம்?

நீங்க என்ன நினைக்கிறீங்க?