முதல் மூன்று மாதம் பலகை வேண்டாம்

ஒலிம்பிக் வில்வித்தையில் வீரர் நிற்கும் கோட்டுக்கும் இலக்குக்கும் இடையே 70 மீட்டர். இலக்குத் தாளின் விட்டம் 122 சென்டிமீட்டர். அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர். அம்பு கிளம்பும் கோணம் ஒரே ஒரு டிகிரி பிசகினால் போதும், 70 மீட்டரைக் கடப்பதற்குள் அது நடுவிலிருந்து 122 சென்டிமீட்டர் விலகிவிடும். தாளை மட்டுமல்ல, பலகையையே தாண்டிப் போய்ப் புல்லில் குத்தி நிற்கும். தோள் லேசாக உயர்ந்தாலோ, வில்லைப் பிடித்த கை இறுகினாலோ, நாணிலிருந்து ஒரு விரல் மட்டும் தாமதமாக விலகினாலோ கோணம் பிசகிவிடும்.

இவ்வளவு நுட்பமான கலையை இங்கே எப்படித் தொடங்கி வைக்கிறார்கள்? கோடை விடுமுறை வந்ததும் ஊருக்கு ஊர் முகாம் போடுகிறார்கள். முதல் நாளே பிள்ளையின் கையில் வில், எதிரே மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வண்ணப் பலகை. வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தனை பாயிண்ட்?” ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்கு முழங்கை உள்பக்கம் கன்றிப்போயிருக்கும், தோள் வலிக்கும், அம்புகள் திசைக்கொன்றாகப் போகும். ‘இவனுக்குக் குறி வராது’ என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. புதிதாகக் கற்பவரிடம் தெரியும் குறைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் அவருடைய கண்ணும் அல்ல, கையும் அல்ல. அவரிடம் கொடுத்த வில்லின் பாரமும், அவர் முன்னால் அவசரமாகக் கொண்டுவந்து நிறுத்திய பலகையும்தான்.

‘பறவையின் கண் மட்டுமே தெரிகிறது’ என்று அர்ச்சுனன் சொன்ன கதையை இதற்கு எதிராகச் சிலர் சொல்லக்கூடும். இலக்கைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்பதுதானே துரோணர் கற்றுக்கொடுத்தது? ஆனால் மகாபாரதத்தில் அந்தக் காட்சி வருவது சீடர்கள் எல்லாரும் பயிற்சியை முடித்த பிறகு. அது தேர்வு, முதல் பாடம் அல்ல.

முதலில் பாரத்தைப் பார்க்கலாம். ஒலிம்பிக்கில் பயன்படும் ரிகர்வ் வகை வில்லின் இழுவிசையைப் பவுண்டில் கணக்கிடுகிறார்கள். 70 மீட்டரில் எய்யும் முன்னணி ஆண்கள் 45 முதல் 50 பவுண்டு வரையிலும், பெண்கள் 40 பவுண்டை ஒட்டியும் இழுக்கிறார்கள். பல ஆண்டுப் பயிற்சியில் படிப்படியாக ஏற்றிய பாரம் அது. புதிதாக வரும் பெரியவருக்கு 20 பவுண்டை ஒட்டி இருந்தாலே போதும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. நடைமுறையிலோ, முகாமில் எந்த வில் சும்மா இருக்கிறதோ அதுவே கைக்கு வருகிறது. 24 பவுண்டு என்பது ஏறத்தாழ 11 கிலோ. ஒரு வகுப்பில் 60 அம்பு எய்தால், மூன்று விரல்களால் மொத்தம் 650 கிலோவை இழுத்த கணக்கு.

பாரம் தாங்காத உடம்பு குறுக்குவழி தேடும். இடுப்பு முன்னே தள்ளும், மேலுடம்பு பின்னால் சாயும். வில் பிடித்த பக்கத்துத் தோள் காதை நோக்கி ஏறும். முதுகுத் தசைகள் செய்ய வேண்டிய வேலையைப் புஜம் எடுத்துக்கொள்ளும். நாண் தாடைக்கு வந்து சேர்வதற்குள் கை நடுங்கி, விரல்கள் விட்டுவிடும். பயிற்சியாளர் ‘தோளை இறக்கு, நேரா நில்லு, கொஞ்சம் பிடிச்சு வை’ என்று மூன்று திருத்தம் சொல்வார். பிள்ளையால் ஒன்றையும் செய்ய முடியாது. ஏனென்றால் மூன்றும் தனித்தனிக் குறைகள் அல்ல. இழுவிசையை ஐந்தாறு பவுண்டு குறைத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் பாதித் திருத்தம் சொல்லாமலே நடந்திருக்கும். இதற்காகப் புது வில் வாங்க வேண்டியதும் இல்லை. இன்று பயிற்சிக்குக் கிடைக்கும் ரிகர்வ் வில்களில் பெரும்பாலானவை கழற்றி மாட்டக்கூடியவை. நடுப்பகுதியான ரைசரை அப்படியே வைத்துக்கொண்டு, மேலும் கீழும் உள்ள லிம்புகளை மட்டும் மாற்றினால் போதும்.

பாரம் சரியான பிறகும் சில குறைகள் மிஞ்சும். அவற்றில் முதலாவது கண். எழுதுவதற்கு ஒரு கை முந்துவதுபோல் குறி பார்ப்பதற்கும் ஒரு கண் முந்தும். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே இரு கண்ணாலும் தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ, அதுதான் முந்தும் கண். வலது கையால் நாணை இழுப்பவருக்கு இடது கண் முந்தினால், அவருடைய அம்புகள் விடாமல் இடப்பக்கமே போகும். அரை நிமிடச் சோதனை இது. சேர்க்கைப் படிவம் நிரப்பும்போதே செய்துவிடலாம். செய்யாமல் விட்டால் பிள்ளை மாதக்கணக்கில் தன் கையை நொந்துகொள்ளும்.

அடுத்தது பிடி. வில்லின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடிக்கக் கூடாது என்று சொன்னால் புதியவருக்கு நம்ப முடியாது. இறுக்கிய கை நாணை விடும் கணத்தில் வில்லைத் திருகிவிடும். கைப்பிடி உள்ளங்கையில் கட்டைவிரல் பக்கத்து மேட்டில் அழுந்த வேண்டும். விரல் கணுக்கள் சாய்வாக 45 டிகிரியில் நிற்க, விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். வில் கீழே விழுந்துவிடுமோ என்ற பயம்தான் கையை இறுக்க வைக்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்து, கட்டைவிரலையும் இன்னொரு விரலையும் இணைத்துக் கட்டும் ஃபிங்கர் ஸ்லிங் என்ற சின்னக் கயிறு. பழைய ஷூ லேஸ்கூட அதற்குப் போதும்.

கன்றிப்போன முன்கை பலரையும் முதல் வாரத்திலேயே விரட்டிவிடுகிறது. நாண் அங்கே அடிப்பதற்கு முக்கியக் காரணம், வில் பிடித்த கையின் முழங்கை உள்பக்கமாகத் திரும்பி நாணின் பாதையில் நிற்பது. கையை நீட்டியபடியே உள்ளங்கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் வெளிப்பக்கம் சுழற்றினால் பாதை விலகும். சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, வில்லே இல்லாமல், வீட்டில் பழகலாம். ஆர்ம் கார்டு அணிவது அவசியம்தான். ஆனால் அது வலியை மறைக்கும், முழங்கையைத் திருப்பாது.

நாண் முகத்தில் வந்து நிற்கும் இடத்தை ஆங்கர் என்கிறார்கள். ஒலிம்பிக் பாணியில் கை தாடைக்குக் கீழே பதியும். நாண் முகவாயையும் மூக்கு நுனியையும் தொடும். இந்த இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இல்லாவிட்டால், துப்பாக்கியின் பின்பக்கக் குறிமுனை ஆடிக்கொண்டே இருப்பதற்குச் சமம். முன்னால் வில்லில் உள்ள குறிமுனை (சைட்) எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. கடைசியாக ரிலீஸ். விரல்களைத் திறந்து நாணை விடுவதாக நினைப்பவரின் கை முகத்தைவிட்டு வெளியே தெறிக்கும். முதுகு தொடர்ந்து இழுத்துக்கொண்டிருக்க, விரல்கள் தளர மட்டுமே செய்தால், கை கழுத்தோரமாகப் பின்னால் போய் நிற்கும். அம்பு எங்கே போகிறது என்று தலையைத் தூக்கி எட்டிப் பார்ப்பதும், வில் பிடித்த கையை உடனே இறக்குவதும் இதே கணத்தில் நேரும் பிழைகள்.

இங்கேதான் பலகை குற்றவாளியாகிறது. தலை தூக்குவதும், கை இறங்குவதும், விரல் அவசரப்படுவதும் ‘அடித்தேனா இல்லையா’ என்ற ஆவலில் பிறப்பவை. எதிரே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் தலை ஏன் தூக்கப் போகிறது?

இந்த ஆவல் முற்றினால் வரும் நோய்க்கு வில்லாளர்கள் டார்கெட் பேனிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குறிமுனை நடுவில் உள்ள மஞ்சளைத் தொட்டதும் வீரரின் அனுமதியைக் கேட்காமலே விரல் விட்டுவிடும். சிலருக்கு நேர்மாறாக, குறிமுனை மஞ்சளுக்குள் போகவே மறுத்துக் கீழேயே உறைந்து நிற்கும். கோல்ஃப் வீரர்களை வாட்டும் ‘யிப்ஸ்’ இதன் பங்காளி. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இது வருகிறது. அவர்கள் அப்போது என்ன செய்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது: தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் வெறும் வைக்கோல் அல்லது ஃபோம் தடுப்பின் முன் நின்று, வாரக்கணக்கில் எய்கிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டே எய்கிறார்கள். நோய் வந்தபின் எல்லோரும் திரும்பிப் போகும் இடத்திலேயே ஒரு பிள்ளையைத் தொடங்க வைத்தால் என்ன நஷ்டம்?

தென்கொரியா அப்படித்தான் தொடங்குகிறது. 1988 சோல் முதல் 2024 பாரிஸ் வரை தொடர்ந்து பத்து ஒலிம்பிக்குகளில் மகளிர் அணித் தங்கத்தை விடாமல் வைத்திருக்கும் நாடு அது. பாரிஸில் வில்வித்தையின் ஐந்து தங்கங்களையும் அள்ளியது. அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அம்பைத் தொடுவதற்கு முன் ரப்பர் பட்டையை இழுத்து நிலையையும் இழுப்பையும் பழகுகிறார்கள். வில் பிறகு வருகிறது, தூரம் அதற்கும் பிறகு.

அந்த மரபில் இருந்து வந்தவர்தான் பயிற்சியாளர் கி சிக் லீ. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அங்கே வில்லாளர் சைமன் ஃபேர்வெதர் புதியவர் அல்ல. 1991-லேயே உலக சாம்பியன். ஆனால் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்குகளில் இருந்து வெறுங்கையோடு திரும்பியவர். லீயிடம் தன் எய்முறையைத் திருத்திக்கொண்டு, 2000-ல் சிட்னியில், சொந்த நாட்டு மக்கள் முன்னால் தனிநபர் தங்கம் வென்றார். உலகப் பட்டம் வென்றவரே அடிப்படைக்குத் திரும்பியிருக்கும்போது, கோடை முகாமின் இரண்டாவது வாரத்தில் 30 மீட்டருக்குத் தாவ வேண்டிய அவசரம் யாருக்கு?

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. சரியான வடிவம் என்பது புத்தகப் படத்தை அச்சாகப் பின்பற்றுவது அல்ல. ஜம்மு காஷ்மீரின் கிஷ்துவார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. நாற்காலியில் அமர்ந்து, வலது காலால் வில்லைத் தாங்கி, தோளோடு பொருத்திய கருவியால் நாணை இழுக்கிறார். எந்தப் பாடநூலிலும் அந்த நிலைக்குப் படம் கிடையாது. 2022-ல் வில்வித்தைக்கு வந்தவர், 2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் இரண்டு தங்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணி வெண்கலம். தன் உடம்புக்குப் பொருந்தும் ஒரு முறையைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு அம்புக்கும் அதை மாறாமல் செய்வதே அவருடைய வடிவம். ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்க நினைக்கும் பயிற்சியாளரும், வடிவமே பேசாத பயிற்சியாளரும் ஒரே தவறைத்தான் இரண்டு பக்கமாகச் செய்கிறார்கள்.

பலகை இல்லாமல் பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். அகாடமி நடத்துபவர் வாடகை கொடுக்க வேண்டும். சிறுவர் பிரிவுப் போட்டிகளில் சான்றிதழ் கிடைத்தால்தான் அடுத்த மாதம் சேர்க்கை நடக்கும். ஆனால் இதே பெற்றோர் பாட்டு வகுப்பில் மாதக்கணக்கில் சரளி வரிசையைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக வாசலில் காத்திருப்பவர்கள்தான். மேலும், பலகை வேண்டாம் என்றால் விளையாட்டே வேண்டாம் என்று பொருள் அல்ல. ஐந்து மீட்டரில் பலூன் கட்டலாம். புள்ளிகளை எண்ணாமல், ஆறு அம்புகளும் எவ்வளவு நெருக்கமாகக் குத்தியிருக்கின்றன என்று அளக்கலாம். ஓரத்தில் குத்தினாலும் ஆறும் ஒரு கைப்பிடிக்குள் இருந்தால் அந்தப் பிள்ளையின் வடிவம் சரி; சைட்டை நகர்த்தினால் கூட்டம் நடுவுக்கு வந்துவிடும். நடுவில் ஒன்றும் நாலாபக்கமும் ஐந்துமாகக் கிடந்தால், அந்த ஒரு பத்துப் புள்ளி வெறும் அதிர்ஷ்டம்.

தவறிய அம்புக்காகக் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கின் முதல் சுற்றில், மூன்று தங்கங்களோடு ஊர் திரும்பிய தென்கொரியாவின் கிம் வூ ஜின்னை எதிர்த்து நின்ற சாட் நாட்டின் இஸ்ரேல் மடாயேயின் அம்பு ஒன்று வெறும் ஒரு புள்ளியில் குத்தியது. மார்புக் காப்புகூட அணியாமல் நின்ற அவரை உலகம் ஏளனம் செய்யவில்லை, கைதட்டியது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு பயிற்சி மையமும் 14, 16, 18 பவுண்டு லிம்புகளைக் கூடுதலாக வாங்கி வைக்கலாம். அம்பில்லாமல் நாணை விட்டால் வில் உடையக்கூடும் என்பதால், வீட்டுப் பயிற்சிக்கு ரப்பர் பட்டை கொடுத்து அனுப்பலாம். மாவட்டச் சங்கங்கள் சிறுவர்களுக்கான தொடக்கநிலைப் போட்டியில் புள்ளிப் பரிசோடு, அம்புக் கூட்டத்தின் நெருக்கத்துக்கும் ஒரு பரிசு வைக்கலாம்.

பெற்றோர் தங்கள் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். சேர்க்கும் நாளில் ‘எப்போது போட்டிக்கு அனுப்புவீர்கள்’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘என் பிள்ளைக்கு எத்தனை பவுண்டு வில் கொடுக்கிறீர்கள், கண் சோதித்தீர்களா, எத்தனை மீட்டரில் தொடங்குகிறீர்கள்’ என்று கேட்கட்டும். மாதக் கடைசியில் மதிப்பெண் அட்டை கேட்பதற்குப் பதிலாக, முதல் வாரமும் நான்காவது வாரமும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் கைப்பேசியில் எடுத்த ஸ்லோ மோஷன் காணொளிகளைக் கேட்கட்டும். தோள் இறங்கியிருக்கிறதா, இழுக்கும் கையின் முழங்கை அம்பின் நேர்க்கோட்டில் நிற்கிறதா, நாண் போன பிறகும் தலை அசையாமல் இருக்கிறதா என்று அவற்றைப் பார்த்து எந்தப் பெற்றோரும் சொல்லிவிட முடியும்; அதற்கு வில்வித்தை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.