மாடி எடுத்தா வாடகை வரும்... நோட்டீசும் வருமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீட்டுக்காரர்கள் குழப்பம்

அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் தொடங்கிய காலத்தில் இருந்தே இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் கீழ் போர்ஷன். பையன் வேலைக்குப் போனதும் மேலே ஒரு மாடி. பெண்ணின் கல்யாணக் கடன் அடைந்ததும் மொட்டை மாடியில் ஒரு ஷீட் ரூம். எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பையன்களும், ஆவடி டாங்கி பேக்டரிக்கு வந்த குடும்பங்களும் குடியிருந்தது இப்படிப்பட்ட போர்ஷன்களில்தான்.

இப்போது பூந்தமல்லி பக்கம் மெட்ரோ ரெயில் வேறு. கலங்கரை விளக்கத்தில் இருந்து வரும் பாதையில் பூந்தமல்லி பகுதியில் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. மெட்ரோவால் வாடகை ஏறும் என்று வீட்டுக்காரர்கள் செங்கல், ஜல்லி விலை விசாரிக்கிறார்கள். ஆனால் "பிளான் வாங்கணுமா, வேணாமா?" என்று கேட்டால் மேஸ்திரி ஒன்று சொல்கிறார், புரோக்கர் ஒன்று சொல்கிறார்.

அரை கிரவுண்டு கணக்கு

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே கட்டிட விதி 2019-ல் வந்தது. அதில் மனையின் பரப்பைப் போல 2 மடங்கு வரை கட்டலாம் என்று ஆக்கினார்கள். முன்பு இது ஒன்றரை மடங்குதான். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை வைத்திருப்பவர் 2,400 சதுர அடி கட்டலாம். காகிதத்தில்! முன்னால் ரோட்டு அகலத்துக்கு ஏற்ப இடம் விடணும், பக்கவாட்டிலும் விடணும். விட்டது போக ஒரு தளத்துக்கு 800 சதுர அடி நின்றால் பெரிது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டி, ஜன்னல் சன்ஷேடை அவர் மனைக்குள் நீட்டும்போதுதான் சண்டை வருகிறது. மாநகராட்சிக்குப் பெட்டிஷன் போடுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

சாதாரண ஜனங்களுக்கு உண்மையில் உதவியது 2024 ஜூலை 22-ந் தேதி தொடங்கிய சுயசான்று திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி மட்டும். தொடங்கியபோது இவ்வளவுதான் நிபந்தனை. ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் உடனே அனுமதி. அதிகாரி வந்து அளந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றும் வேண்டாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டுத் தோட்டத்தில் மாமியாருக்கு என்று தனி சின்ன வீடு கட்டுவார்கள். அதற்கு 60 நாளில் அனுமதி கொடுக்கணும் என்று 2020 முதல் சட்டம். அந்த வகையில் நம்ம ஊர் திட்டம் ஒரு படி மேலே.

சரி, பணம்? திட்டம் வந்தபோது சென்னை மாநகராட்சியில் சதுர அடிக்கு சுமார் 100 ரூபாய் கட்டணம். அம்பத்தூர் 2011-லேயே சென்னையோடு சேர்ந்து விட்டதால் அங்கும் அதே கணக்கு. 750 சதுர அடி என்றால் 75 ஆயிரம். ஆவடி போன்ற இடங்களில் குறைவு, ஊராட்சிகளில் இன்னும் குறைவு. இந்தப் பணத்துக்குப் பயந்துதான் பலர் பிளான் வாங்காமல் கட்டுகிறார்கள். மாடி கட்ட 15 லட்சத்துக்கு மேல் செலவு செய்கிறவர் 75 ஆயிரத்துக்கு யோசிப்பது வேடிக்கை. அதிலும் "கட்டிங்" என்று வேறு யாருக்கோ ரசீது இல்லாமல் கொடுக்கும் பணத்தை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

சுயசான்று என்பதால் பொய் சொன்னால் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில். அனுமதி ரத்தாகும். ஒரு மாடி என்று வாங்கிவிட்டு அதற்கு மேல் குடியிருக்க ஷீட் ரூம் போட்டால் வாங்கிய அனுமதியைத் தாண்டியாச்சு. வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ், பிறகு சீல் என்று போகும் அதிகாரம் 1971-ம் வருட நகரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

அடுத்த சிக்கல் மனை. ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் அப்ரூவல் இல்லாத லே-அவுட்டில் வாங்கியவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட மனைகளைப் பத்திரம் பதிய 2016 செப்டம்பரில் ஐகோர்ட்டு தடை போட்டது. பிறகு 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முந்தைய மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் திட்டம் வந்தது. மனையை வரன்முறை செய்யாதவருக்கு மாடிக்கு அனுமதி கிடைக்காது. செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் வரும் இடங்களுக்கு சி.எம்.டி.ஏ. மாஸ்டர் பிளானில் தனிக் கட்டுப்பாடே உண்டு.

"அபராதம் கட்டிப் பின்னாடி சரி பண்ணிக்கலாம்" என்ற நினைப்பும் பலருக்கு இருக்கிறது. 1999 பிப்ரவரி 28-க்கு முந்தைய கட்டிடங்களுக்கு ஒருமுறை அந்த வாய்ப்பு வந்தது. அந்தத் தேதியை நீட்டிக்கொண்டே போனதை 2006-ல் ஐகோர்ட்டு ரத்து செய்தது. அடுத்து வந்த திட்டமும் 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டிடங்களுக்குத்தான். இன்றைக்கு மாடி எடுப்பவருக்கு இரண்டும் பிரயோசனம் இல்லை.

கரண்ட் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பர் 17-ந் தேதி கறாராகச் சொல்லிவிட்டது. நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர் இணைப்பு. பாங்குகளும் அதைப் பார்த்தே கடன் கொடுக்கணும். தமிழ்நாட்டில் சின்ன வீடுகளுக்கு அந்தச் சான்றில் இருந்து விலக்கு இருக்கிறது. 2019 விதியில் 12 மீட்டர் உயரம், 3 வீடு வரை என்று இருந்ததை 2024-ல் இன்னும் தளர்த்தினார்கள். ஆனால் விலக்கு நிறைவுச் சான்றுக்குத்தான், பிளானுக்கு இல்லை. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

மாடிக்குத் தனி மீட்டர் வாங்காமல், கீழ் மீட்டரில் இருந்தே லைன் இழுத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வசூலிக்கும் வீடுகளில் நஷ்டம் குடியிருப்பவருக்குத்தான். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசச் சலுகை ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் தனித்தனியாக உண்டு. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் ஒரு 100 யூனிட்டோடு சரி.

அட்வான்சும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது, எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும். இங்கே புது மாடிக்கு இன்னமும் 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். மாடி கட்ட வாங்கிய கடனில் ஒரு பகுதியை அந்த அட்வான்சை வைத்துத்தான் அடைக்கிறார்கள்.