இரவல் குரல்

வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டு வருகிறவர்களில் ஒரு சாராருக்கு ஒரு புகார் உண்டு. "ஜெர்மனியில் டெலிவிஷனைத் திறந்தால் அமெரிக்கப் போலீஸ்காரனும் ஜெர்மன் பேசுகிறான். சகிக்கவில்லை, ஸார்!" என்பார்கள். ஊர் திரும்பிய பிறகு, கொரியாவில் எடுத்த தொடர் தமிழ் பேசுவதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மூலக் குரலை அப்படியே விட்டுக் கீழே எழுத்துப் போட வேண்டுமாம். இரவல் குரல் ரசனையற்றவர்களுக்காம்.

இந்தத் தீர்ப்பு ரசனையில் பிறந்ததல்ல. கண்ணும் கையும் ஓய்வாக இருப்பவர்களின் கர்வத்தில் பிறந்தது.

இரவல் குரல் நமக்குப் புதிதா? டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜி கணேசனுக்கும் பாடினார். முகம் இரண்டு, தொண்டை ஒன்று. உருகிக் கேட்டோமே தவிர, மோசடி என்று யாரும் கூச்சல் போடவில்லை. கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ்க் குரலோடு ஏ.வி. மெய்யப்பன் வெளியிட்டது 1944-ல்.

கீழே எழுத்துப் போடலாம், படிப்பது யார்? தென்னேரியிலோ காஞ்சிபுரத்திலோ தறியில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். கண் பாவின் மேல், கை நாடாவின் மேல், கால் மிதிகட்டையின் மேல். அறுந்த இழையைப் பார்ப்பாரா, ஓடுகிற எழுத்தைப் பார்ப்பாரா? அவருக்கு மிச்சமிருப்பது காது ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டு, உலகத்துக் கலையெல்லாம் உனக்கில்லை என்று சொல்வதா? எழுத்தறியாத அவருடைய தாயாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஜெர்மனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி அங்கே போய்ச் சேர்ந்த தமிழர்களுக்கு ஆபீசிலும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேண்டியிருந்தது ஜெர்மன். அமெரிக்கப் போலீஸ்காரன் ஜெர்மன் பேசினால், அந்த மொழி வீட்டுக்குள்ளேயே காதில் விழும். இங்கிலீஷ் அறிந்த கனவானுக்கு இடைஞ்சல். பிழைக்கப் போனவனுக்கு இலவசப் பாடம். நார்வேயிலும் ஹாலந்திலும் எழுத்துப் போடுகிறார்களே என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அங்கேயும் படிக்கத் தெரியாத சின்னஞ்சிறு குழந்தைகளின் நிகழ்ச்சிகளுக்கு உள்ளூர்க் குரல்தான்!

எதிர்க்கட்சியிடம் ஒரு பலமான ஆயுதம் உண்டு. 'காஸாபிளாங்கா' என்ற அமெரிக்கப் படத்தை 1952-ல் மேற்கு ஜெர்மனியில் ஜெர்மன் குரலோடு காட்டினார்கள். நாஜி அதிகாரி வரும் காட்சிகளை வெட்டி, நாஜிகளை எதிர்த்த வீரனை நார்வே நாட்டு விஞ்ஞானி ஆக்கிவிட்டார்கள். இரவல் குரலில் இப்படிப் புளுகலாம் என்பது மெய்தான். ஆனால் 1975-ல் முழுப் படமும் அங்கே காட்டப்பட்டதே, அதுவும் ஜெர்மன் குரலில்தான். குற்றம் கத்தரிக்கோலுடையது, தொண்டையுடையதல்ல.

உள்ளூர்க் கலைஞரின் பிழைப்புப் போகும் என்ற கவலை மரியாதைக்குரியது. ஆனால் பார்ப்பவனைத் தடுப்பது அதற்கு மருந்தாகாது. வங்காளிக் குரல் கொடுத்த மகாபாரதத் தொடரை நிறுத்தும்படி மேற்கு வங்கத்தில் கலைஞர் அமைப்புகள் டெலிவிஷன் நிலையங்களை நெருக்கின. அது வியாபாரப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

என் சண்டை வேறு. குரல் இரவலாக இருக்கட்டும். தமிழும் ஏன் இரவலாக இருக்க வேண்டும்? மாடிப்படியில் உருண்டு விழுந்தவனிடம் நம் வீட்டுப் பெண் "ஐயையோ, அடி பட்டிடுச்சா?" என்பாள். டெலிவிஷன் பெண்ணோ, "ஓ, என் கடவுளே! நீ நலமாக இருக்கிறாயா?" என்கிறாள். கீழே விழுந்தவன் எப்படி ஐயா நலமாக இருப்பான்? உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டும் என்பார்கள். உதட்டுக்காக உயிரை விடுவதா?

அந்த வசனத்தை எழுதியவர் பெயரைத் தொடரின் தலைப்பிலேயே பெரிதாகப் போடச் சொல்லுங்கள். நல்ல எழுத்தாளருக்கு நல்ல கூலி கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் வெளியே தெரிந்தால் தமிழ் தானாக நிமிரும்.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துவிடுவார்கள். சேலை கிழிந்தாலும் கரை விடாது. அயல்நாட்டு முகமும் தமிழ்க் குரலும் அப்படிக் கோக்கப்பட வேண்டும். இன்று நடப்பது கரையைப் பசை போட்டு ஒட்டுகிற வேலை. அதைக் கண்டிக்க வாருங்கள், நானும் வருகிறேன். தறிக்காரர் வீட்டு டெலிவிஷனின் வாயை அடைப்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.